யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்: பலாலி ஓடுபாதையின் வரலாறு

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றர் தொலைவில், காங்கேசன்துறைக்கு அருகே உள்ள பலாலியில் அமைந்துள்ளது. பலாலி விமான நிலையம் என்று நீண்ட காலம் அழைக்கப்பட்டுவந்த இது, 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி இப்போதைய பெயரைப் பெற்றது.

2019ஆம் ஆண்டையே இந்நிலையத்தின் பிறந்த ஆண்டாகக் கருதி எழுதும் மாணவர்கள் பலர் உள்ளனர். அது சரியன்று. பலாலியிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பயணிகள் விமானம் பறந்தது இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே. 2019இல் நடந்தது ஒரு தொடக்கம் அல்ல. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அறுந்துகிடந்த ஒரு தொடர்பின் மீள் இணைப்பு. அது ஏன் அறுந்தது, அறுந்திருந்த காலத்தில் அந்த நிலத்தில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

அமைவிடம்

அட்லஸில் பலாலியில் கவராயத்தின் முனையை வைத்து ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். நேர்கோட்டுத் தூரத்தில் திருச்சிராப்பள்ளி சுமார் 185 கிலோமீற்றர். கொழும்பின் பழைய விமான நிலையமான இரத்மலானை சுமார் 330 கிலோமீற்றர். சென்னை சுமார் 355 கிலோமீற்றர். அதாவது, சொந்த நாட்டின் தலைநகரைவிடத் திருச்சி மிகவும் கிட்ட இருக்கிறது. சென்னைகூடக் கொழும்பைவிட அதிகம் தள்ளியில்லை. வகுப்பில் இந்தப் பயிற்சியைச் செய்வித்தபோதெல்லாம் பிள்ளைகள் தாங்கள் பிழையாக அளந்துவிட்டதாக எண்ணி மறுபடி அளந்ததுண்டு.

நிலையம் அமைந்துள்ள வலிகாமம் வடக்கு, சுண்ணக்கல் மேல் படிந்த செம்மண் பூமி. வெங்காயம், புகையிலை, வாழை, உருளைக்கிழங்கு என்று ஆண்டு முழுவதும் கிணற்று நீர் இறைத்துப் பயிர் செய்யும் இடம். வடக்கே அருகிலேயே கடல். மயிலிட்டி, ஊறணி போன்ற மீன்பிடிக் கிராமங்கள். தெற்கே வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி. சமதரையான, மலைகளற்ற, கடலோர நிலம் விமானம் இறங்க எவ்வளவு ஏற்றதோ அவ்வளவுக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் ஏற்றது. பிற்காலச் சிக்கல் முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

போர்க்கால ஓடுபாதை

பலாலி ஓடுபாதையை அமைத்தது பிரித்தானிய அரச விமானப்படை. காலம் இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. சிங்கப்பூர் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே வீழ்ந்திருந்தது. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவுக்கு எஞ்சியிருந்த முக்கிய தளங்களில் ஒன்றாக இலங்கை ஆனது. தீவின் பல இடங்களில் அவசரமாக ஓடுபாதைகள் போடப்பட்டன. அவற்றுள் ஒன்று பலாலி. வங்காள விரிகுடாவில் கண்காணிப்புப் பணி செய்த படையணிகள் இங்கிருந்து இயங்கின. படை ஆவணங்களில் இத்தளம் பெரும்பாலும் காங்கேசன்துறை என்ற பெயரிலேயே வரும். தேடிப் படிப்போர் இதைக் கவனத்தில் கொள்க.

போர் முடிந்ததும் பிரித்தானியப் படை இத்தளத்தைக் கைவிட்டது. நல்ல ஓடுபாதை ஒன்று யாருக்கும் பயனின்றிக் கிடந்தது. அதிக காலம் அப்படிக் கிடக்கவில்லை.

எயார் சிலோன் காலம்

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. சீதாதேவி என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா வகை விமானம் அது. அதன் பாதை: இரத்மலானை, காங்கேசன்துறை, மதராஸ். இங்கே காங்கேசன்துறை எனப்பட்டது பலாலி ஓடுபாதையே. சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4இல். ஆகவே நாட்டின் தேசிய விமான சேவை தன் கன்னிப் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து தமிழ்நாட்டுக்குச் சென்றது. அன்று போக்குவரத்து அமைச்சராக இருந்து இச்சேவையைத் தொடக்கியவர் பின்னாளில் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலை.

அன்றைய திட்டமிடுவோர் வேறெந்த நோக்கத்தையும் விடத் தூரத்தையும் எரிபொருளையும் பயணிகளையுமே கணக்கிட்டார்கள் என்று நினைக்கிறேன். கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும் விமானம் யாழ்ப்பாணத்தின் மேலாகவே போகவேண்டும். போகும் வழியில் இறங்கினால் இரு வகைப் பயணிகளும் கிடைப்பார்கள். பின்னர் திருச்சிக்கும் சேவை நடந்தது. அறுபதுகளில் டக்கோட்டாவுடன் அவ்ரோ விமானமும் சேர்ந்தது.

அக்காலத்தில் இந்தியாவுக்குப் போக வேறு வழி இல்லாமலில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் அதை இருபுறமும் தொடும் ரயிலும் இருந்தன. 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போயிற்று. வசதி குறைந்தவர்கள் கப்பலில் போனார்கள். வசதி உள்ளவர்களும் அவசரக்காரரும் பலாலிக்குப் போனார்கள். கலியாணப் புடவை எடுக்க, வேலூரில் வைத்தியம் பார்க்க, கோயில்களுக்குப் போக, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்க என்று பயணங்கள் நடந்தன. நான் சிறுவனாயிருந்தபோது உறவினர் ஒருவரை வழியனுப்ப வீட்டார் எல்லோரும் வாடகைக் காரில் பலாலிக்குப் போனோம். கம்பி வேலிக்கு இப்பால் நின்று அவர் படியேறுவதைப் பார்த்தோம். விமானம் எழுந்ததும் அம்மா கொண்டுவந்திருந்த இட்டலியை அங்கேயே மரத்தின் கீழ் இருந்து சாப்பிட்டோம். விமான நிலையம் என்பது சாப்பாடு கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கும் இடமாக இருந்த காலம்!

எழுபதுகளின் இறுதியில் இச்சேவை ஓய்ந்தது. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், யாழ்ப்பாணத்திலிருந்து இரத்மலானைக்குப் போய் இறங்கியிருந்த எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. பயணிகள் முன்பே இறங்கிவிட்டதால் உயிரிழப்பு இல்லை. அடுத்த ஆண்டு எயார் சிலோனுக்குப் பதிலாக எயார் லங்கா வந்தது. அதன் பார்வை கட்டுநாயக்காவிலிருந்து தூர தேசங்களை நோக்கியிருந்தது. பலாலி அதன் வரைபடத்தில் இல்லை.

முகாமாக மாறிய நிலையம்

இந்நிலையில் பலாலியில் விமானப்படைப் பிரிவு ஒன்று நிலைகொண்டிருந்தது. 1983 ஜூலை இனக்கலவரத்தின் பின் போர் மூண்டது. பலாலி குடாநாட்டின் மிகப் பெரிய படைத்தளமாக வளர்ந்தது. 1987 ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானதும் இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் இதே ஓடுபாதையில்தான். அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் இறக்கப்பட்ட இந்தியத் துருப்புகள் பலாலியிலிருந்தே ஹெலிகொப்டர்களில் ஏறின. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பயணிகளை ஏற்றிச் சென்னைக்குப் பறந்த இடம், இப்போது எதிர்த்திசையில் படைகளை இறக்கும் இடமாயிற்று.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. பலாலியைச் சுற்றியிருந்த கிராமங்களின் மக்கள் அம்மாதத்தில் உடுத்த துணியுடன் வெளியேறினர். சில நாட்களில் திரும்பலாம் என்று அடுப்பில் உலை வைத்தபடி வந்தவர்களை நான் அறிவேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. பலாலி ஆசிரியர் கலாசாலை, தன் பெயரில் உள்ள ஊரை விட்டு இடம்பெயர்ந்தது. வீடுகள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள், தோட்டங்கள் அனைத்தும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின.

அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பலாலி என்றால் ஊர் அல்ல. விமான நிலையமும் அல்ல. ‘பலாலியிலிருந்து ஷெல் வருகுது’ என்பதே அவர்கள் அறிந்த பலாலி. வகுப்பில் சத்தத்தைக் கேட்டே விமானத்தின் வகையைச் சொல்வார்கள். ஹெலி, பொம்பர், பிறகு சகடை. பீப்பாய்க் குண்டுகளைத் தள்ளிவிடும் பருத்த போக்குவரத்து விமானத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. விமானத்தில் பயணமும் செய்யலாம் என்பதைப் படம் காட்டிச் சொல்லவேண்டியிருந்தது.

1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களிலும் அடுத்தடுத்து விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் பலாலிக்கு அருகே விடுதலைப் புலிகளால் சுட்டு வீழ்த்தப்பட்டன. தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வானும் பாதுகாப்பான பாதையாக இல்லாமற் போனது.

வானமும் கடலும் மட்டும்

1995 டிசெம்பரில் யாழ்ப்பாண நகர் அரச படைகளின் வசமானது. வன்னி புலிகளிடம் இருந்தது. எனவே ஏ9 வீதி மூடிக்கிடக்க, குடாநாட்டு மக்களுக்குக் கொழும்பு போக இரண்டே வழிகள்: திருகோணமலைக்குக் கப்பல், இரத்மலானைக்கு விமானம். இரண்டுக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். நகரில் குறித்த இடத்தில் விடியற்காலையில் கூடி, பைகளை அவிழ்த்துக் காட்டி, பஸ்ஸில் ஏற்றப்பட்டு முகாமுக்குள் போகவேண்டும். ஒரு மணி நேரப் பறப்புக்கு முழு நாள் போய்விடும். இருந்தும் இடம் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் 24 விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் வீழ்ந்தது. 55 பேர் இருந்தனர், ஒருவரும் மிஞ்சவில்லை. பயணிகள் தமிழ்ப் பொதுமக்கள். புலிகள் ஏவிய ஏவுகணையே அதனை வீழ்த்தியதாகக் கருதப்படுகிறது. சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. 2014 ஜனவரியில், மீட்கப்பட்ட உடைகள் உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் உப்பு நீரில் கிடந்த சட்டைகளையும் சேலைகளையும் முதியவர்கள் குனிந்து பார்த்தார்கள். இந்நிலையத்தைப் பற்றி எழுதப்படும் பல குறிப்புகளில் இவ்விபத்து ஒரு வரியாக வருகிறது, அல்லது வருவதேயில்லை. குடாநாட்டில் சில வீடுகளுக்கு இந்த விமான நிலையத்தின் வரலாறு அந்த ஒரு நாள் மட்டுமே என்பதால் இங்கே சற்று விரித்து எழுதினேன்.

2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 திறந்தது. தனியார் விமானங்களும் மீண்டும் பறந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட, முன்போல விமானமும் கப்பலும் மட்டுமே மிஞ்சின. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது.

காணி

போர் முடிந்தபின் திரும்பலாம் என்று நம்பியிருந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு 2013 ஏப்ரலில் ஓர் அறிவித்தல் வந்தது. 6,381 ஏக்கர் நிலத்தைப் படைத் தலைமையகத்துக்காகச் சுவீகரிக்கப் போவதாகச் சொன்ன அந்த அறிவித்தல்கள், உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்ற காரணத்துடன் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களோ சில மைல் தூரத்தில், மல்லாகம், சுன்னாகம், கோணாப்புலம் ஆகிய இடங்களின் நலன்புரி நிலையங்களில் இருபத்துமூன்று ஆண்டுகளாகக் குடிசைகளில் இருந்தார்கள். பங்கீட்டு அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் கண்டறியப்பட்டவர்கள்! காணிச் சொந்தக்காரர்கள் பெருந்தொகையில் நீதிமன்றத்துக்குச் சென்றனர்.

2015 ஆட்சி மாற்றத்தின் பின் நிலம் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் உட்பட்ட 54 ஏக்கரும், 2018 ஏப்ரலில் 683 ஏக்கரும் அவற்றுள் அடங்கும். திரும்பியவர்களில் சிலர் தங்கள் வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்தே அடையாளம் கண்டார்கள். மிகுதி நிலம் இன்றும் படையினர் வசம் உள்ளது.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். விமான நிலையத்துக்கு வேண்டிய நிலம் வேறு. அதைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வலயம் வேறு. பின்னது முன்னதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் பேச்சிலும் செய்தியிலும் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிட்டன. விமான நிலையம் வேண்டும் என்று சொன்னால் காணியை விட்டுக்கொடுப்பதாகவும், காணியைக் கேட்டால் அபிவிருத்தியை எதிர்ப்பதாகவும் பொருள் கொள்ளப்பட்டது. என் பார்வையில் இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் கேட்பதில் எந்த முரணும் இல்லை.

மீள்திறப்பு

2019 ஜூலை 5ஆம் திகதி, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, போக்குவரத்து மற்றும் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சர் அர்ஜுன ரணதுங்க ஆகியோர் முன்னிலையில் தரமுயர்த்தும் வேலை தொடங்கியது. ஓடுபாதையின் ஒரு பகுதி புதுப்பிக்கப்பட்டது. குடிவரவு, சுங்கம் ஆகியவற்றுக்கான சிறிய முனையம் எழுந்தது. ஒக்டோபர் 17ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமரும் நிலையத்தைத் திறந்துவைத்தனர். அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் வந்து இறங்கியது. மூன்றரை மாதத்தில் வேலை முடிந்ததற்கு, நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல் இருந்தது ஒரு காரணம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

திறப்பு விழாவோடு ஒரு சர்ச்சையும் வந்தது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் சிங்களம், ஆங்கிலம் அதன் கீழும் இருந்ததைத் தெற்கில் சிலர் ஆட்சேபித்தனர். வட மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ் என்பதை நினைவில் வைத்தால் இதில் வியப்படைய எதுவுமில்லை. பெயரைப் பற்றி உள்ளூரிலும் ஒரு குறை இருந்தது. பலாலி என்ற சொல் பலகையிலிருந்து போய்விட்டதே என்று ஊரார் வருந்தினர். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு யாழ்ப்பாணம் என்ற பெயர்தான் விளங்கும் என்பதும் நியாயம்தான். ஆனால் இன்றுவரை பஸ்ஸில் ஏறி ‘சர்வதேச விமான நிலையம்’ என்று யாரும் கேட்டதை நான் காணவில்லை.

2019 நவம்பர் 11இல் சென்னைக்கு ஒழுங்கான பயணிகள் சேவை ஆரம்பித்தது. நான்கு மாதங்களே நடந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் நின்றது. பெருந்தொற்று தணிந்த பிறகும் உடனே தொடங்கவில்லை. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. டிசெம்பர் 12ஆம் திகதி அலையன்ஸ் எயார் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது.

இதை மத்தளை விமான நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் பெருமளவு சீனக் கடனில் கட்டப்பட்டு 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தளையில் மிகப் பெரிய விமானங்களும் இறங்கும் ஓடுபாதை இருந்தது, பயணிகள் இல்லை. உலகின் வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று ஊடகங்கள் எழுதின. பலாலியில் பயணிகள் இருந்தார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பல இலட்சம் பேருக்கு இங்கே பெற்றோரோ பிறந்த வீடோ உண்டு. அவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கி வாகனத்தில் ஏழெட்டு மணி நேரம் வடக்கே வருகிறார்கள்.

இன்றைய நிலை

இப்போது வரும் ஏடிஆர் விமானங்கள் எழுபது பேரளவில் ஏற்றும் சிறியவை. ஏ320 போன்றவை இறங்கவேண்டுமானால் ஓடுபாதையை நீட்டி வலுப்படுத்தவேண்டும். திட்டம் தொடக்கம் முதலே பேசப்படுகிறது. நீட்டுவதற்கு மேலும் தனியார் காணி எடுக்கப்படுமா, அல்லது படையினர் வசமுள்ள நிலத்துக்குள்ளேயே அது முடியுமா என்பதுதான் ஊரார் முதலில் கேட்கும் கேள்வி. விமானத்தின் பருமன் பற்றிப் பிறகுதான் கேட்கிறார்கள்.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் வந்தது. 2025 ஏப்ரலில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூடியிருந்த பலாலி வீதியின் ஒரு பகுதி, பகல் வேளையில் வாகனங்கள் மட்டும் போகலாம் என்ற கட்டுப்பாட்டுடன் திறக்கப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னர், மார்ச் 30ஆம் திகதி, திருச்சிராப்பள்ளியிலிருந்து இண்டிகோ விமானம் பலாலியில் வந்து இறங்கியது. கவராயத்தால் அளந்த அந்த 185 கிலோமீற்றரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம்.